மாப்பிள்ளையின் மீன்களுக்கு நான் வைத்த சோதனை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மீன்கள் இரண்டு, ஆக நால்வரும் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம். அங்கே நீங்களும் நம் பெண்ணும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "மீன் உயிரோட இருக்குன்னு முதல் வரியிலயே எழுதிடுங்க, இல்லேன்னா அவர் பாதிக் கடிதாசியிலயே ரயில் ஏறிடுவார்" என்று அத்தை சொன்னாள். எழுதிவிட்டேன். இனி நீங்கள் நிதானமாக உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மேற்கொண்டு படிக்கலாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் "ஐயோ" என்பீர்கள், உங்கள் பின்னாலிருந்து நம் பெண் "என்னாச்சு, என்னாச்சு" என்பாள், இந்தப் பக்கம் அத்தை போனைப் பிடுங்கி நடந்ததைக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, ஊர்க் கடைகளின் தராசையெல்லாம் தட்டிப் பார்த்து முத்திரை குத்தியவன் நான். எதையும் முதலிலிருந்து முடிவு வரை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

புது வீடு கட்டி முடிவதற்குள் வந்துவிடலாம் என்று பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, நாலு மாத வேலைக்காக நீங்கள் இருவரும் கிளம்பியபோது கடல்மீன் தொட்டியை எங்கள் கூடத்தில் வைத்து, ஒரு நோட்டையும் டெஸ்ட் கிட் பெட்டியையும் என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணிய டெஸ்ட் பண்ணி எழுதி வச்சா போதும் மாமா" என்றீர்கள். அளப்பது என் தொழில் என்பதால் நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வாங்கிக்கொண்டேன். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, சமையலறை மேடையோரம் நின்று, மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் விஷத்தைக் காட்டுகிற, அம்மோனியா என்று எழுதிய இரண்டு பாட்டில்களில் இரண்டாவதைக் கவிழ்த்துப் பிடித்துச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு, ஏழு என்று வரும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. நீங்கள்தான். எடுக்கப் போன கையில்தான் பாட்டிலும் இருந்தது. அது துள்ளிக் கீழே விழுந்து, மூடியில்லாமல் உருண்டு, மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் குழிக்குள் சமர்த்தாக ஊற்றிவிட்டது. "மீனெல்லாம் எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டீர்கள். "ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். அது பொய் இல்லை. மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. பாட்டில்தான் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை அன்றைக்கே சொல்லாதது என் தவறு, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அத்தைக்குத் தெரிவதற்குள் புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர், அப்படிப்பட்டவர்கள் மேல் எனக்கு உத்தியோக காலத்திலிருந்தே சந்தேகம். மூன்று வகையை எடுத்துப் பரப்பினார். "இது ஸ்ட்ரிப் சார், காகிதத் துண்டு மாதிரி, நனைச்சா போதும், நிறம் மாறும். இது சொட்டு மருந்து, எண்ணி ஊத்தணும், குலுக்கணும், காத்திருக்கணும். இது மெஷின், பட்டன் தட்டுனா எண்ணு வரும், ஆனா அதையும் அப்பப்போ சரிபார்க்கணும்." நான் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை எங்கே? இதையெல்லாம் யார் பரிசோதிச்சு அனுப்பினாங்க?" என்று கேட்டேன். "முத்திரையா? மீன் நீந்துதுன்னா அதான் சார் முத்திரை" என்றார். அந்தப் பதிலுக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் சொட்டு எண்ணுகிற வேலையே வேண்டாம், பாட்டிலே இல்லையென்றால் விழவும் ஒன்றும் இல்லை என்று தோன்றவே, ஸ்ட்ரிப் டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் தொட்டிக்குள் கையை விட்டு டம்ளரில் தண்ணீர் மொண்டு, அதே ஈரக் கையால் ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து நனைத்தேன். அம்மோனியாக் கட்டத்தில் பச்சை. அட்டையில் அந்தப் பச்சைக்கு நேரே "ஆபத்து" என்று அச்சடித்திருந்தது. கை தவறியிருக்கும் என்று மறுபடி ஒன்றை எடுத்தேன், இன்னும் கொஞ்சம் பச்சை. மூன்றாவதற்கு அத்தையைக் கூப்பிட வேண்டியதாயிற்று, ரகசியமும் அத்தோடு உடைந்தது. பாட்டில் விஷயத்துக்குத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அத்தை ஸ்ட்ரிப்பை வாங்கி விளக்கடியில் பிடித்தாள். தையல் கடையில் இருபது வருடம் துணிக்கு நூல் பொருத்தியவள் அவள். "இது பச்சை இல்லைங்க. கிளிப்பச்சை வெளுத்துப்போன மாதிரி." "அட்டையில கிளிப்பச்சையே இல்லையே." "அட்டையில இல்லேன்னா நான் என்ன பண்றது? இருக்கறதைத்தான் சொல்ல முடியும்." "அப்ப ஆபத்தா, இல்லையா?" "நிறத்தைக் கேளுங்க சொல்றேன். ஆபத்தை நீங்களே பாத்துக்குங்க." முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் நாங்கள் ஒரு கதவுக்கு வர்ணம் தேர்ந்தெடுக்கவே எட்டு நாள் ஆனவர்கள் மாப்பிள்ளை. எங்கள் கையில் போய் நிற அட்டையைக் கொடுக்கலாமா?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணிக்கு ஒருமுறை கையை விட்டு மொள்வதும், நனைப்பதும், அத்தையோடு சண்டை போடுவதும், எழுதி வைப்பதுமாக இருந்தேன். எழுதி வைக்க வைக்கப் பச்சை ஏறிக்கொண்டே போயிற்று. இதற்கிடையில், இரண்டு மீன்களில் பெரியவள் இருக்கிறாளே, மற்றவனை எந்நேரமும் விரட்டி வேலை வாங்குவதால் அத்தை அவளுக்கு மேனேஜர் என்று பேர் வைத்திருக்கிறாள், அந்த மேனேஜர் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். காலை தீனிக்கு வரவில்லை. மாலையிலும் வரவில்லை. சின்னவன் மட்டும் வெளியே வந்து இரண்டு வாய் தின்றுவிட்டு, லீவு கேட்கப் பயந்தவன் மாதிரி திரும்பி ஓடிவிட்டான். ஒரு கருவியை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது இலாகா விதி அல்லவா? மறுநாள் கடைக்கு ஓடி, இந்த முறை கடைக்காரரிடம் வாயே கொடுக்காமல், பெட்டியில் மீன் படம் போட்டிருந்த ஒரு சொட்டு மருந்துக் கிட்டை நானே அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். அதில் முதலில் கண்ணில் பட்டது, தண்ணீரின் காரத்தை அளக்கும் பி.எச். பாட்டில். எண்ணி ஊற்றினேன், ஒரு சொட்டுக்கூடப் பிசகவில்லை. நல்ல நீலம் வந்தது. அட்டையின் கடைசிக் கட்டம் அது, ஏழு புள்ளி ஆறு. உங்கள் நோட்டில் எட்டு புள்ளி இரண்டு இருக்க வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆக ஒரு கருவி விஷம் என்கிறது, இன்னொன்று தண்ணீர் கெட்டுவிட்டது என்கிறது, மேனேஜர் வெளியே வர மறுக்கிறாள். மூன்று சாட்சியும் ஒரே பக்கம் பேசினால் ஆய்வாளர் என்ன செய்வார்?

வழி ஏதாவது இருக்குமா என்று உங்கள் நோட்டை அன்றைக்குத்தான் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். மூன்று வருடம், வாரம் தவறாமல், ஒரே மாதிரிக் கையெழுத்து. ஒரு இடத்தில், "நைட்ரேட் ஐந்து. இன்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்" என்று இருந்தது. அடுத்த வாரம், "நைட்ரேட் ஐந்து. வீட்டுக்கு வந்துவிட்டாள். தொட்டி முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தேன், அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்." நம் பெண்ணுக்கு வந்த அந்தக் காய்ச்சலின்போது நானும்தான் உங்கள் வீட்டில் இருந்தேன். நீங்கள் நாற்காலி போட்டது எனக்கு ஞாபகமே இல்லை. உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது நீங்கள் கால் மணி நேரம் மீனைப் பற்றியே பேசினீர்கள், அன்று உள்ளே போய் அத்தையிடம், "தொட்டியவே பாத்துட்டு உக்காந்திருக்கற ஆள், நம்ம பொண்ண எங்க பாக்கப் போறார்?" என்று சொன்னேன். ஆயிரக்கணக்கான கடைகளின் பதிவேடுகளைப் பார்த்தவன் நான், விடுபடாமல், அடித்துத் திருத்தாமல் எழுதிய ஒன்றை உங்கள் நோட்டில்தான் பார்த்தேன். இப்படிப்பட்டவர் நம்பி விட்டுப்போன இரண்டு உயிரைக் கொன்றுவிட்டோமே என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு செய்ததுதான் உச்சம். தண்ணீரை மாற்றிவிடுவது என்று முடிவு கட்டினேன். நீங்கள் வைத்துவிட்டுப் போன கடலுப்பு ஒரு வாளிக்குக் காணாது. நேரே சமையலறைக்குப் போய் அத்தையிடம் வீட்டில் இருக்கிற உப்பையெல்லாம் கொடு என்றேன். "எத்தனை பேருக்குச் சமையல்?" என்றாள். விளக்கம் சொல்லாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், வாசல் நடையில் வாளியை வைத்து, அரை டப்பாவைக் கொட்டி, துடைப்பக் கட்டையால் கலக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாடிவீட்டு லேப்காரம்மா வேலைக்குக் கிளம்பிப் படி இறங்கி வந்தார். பெரிய ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். இரண்டு படி மேலேயே நின்றுவிட்டார்.

"என்ன சார் இது?"

"கடல் தண்ணி."

"சமையல் உப்புலயா?"

"உப்பு உப்புதானேம்மா?"

அவர் கைப்பையைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்து என் கையிலிருந்த கட்டையை வாங்கிச் சுவரில் சாத்தினார். "கடல் தண்ணில உப்பு மட்டுமா சார் இருக்கு? இதை ஊத்தினீங்கன்னா அப்புறம் எந்த டெஸ்டும் தேவைப்படாது. முதல்ல என்ன நடந்ததுன்னு சொல்லுங்க." சொன்னேன். இடையில் அத்தை வந்து நான் விட்டதையெல்லாம் சேர்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரி, ஒண்ணுமே இல்லாத சுத்தமான தண்ணில இந்த ஸ்ட்ரிப்பை நனைச்சுப் பாத்தீங்களா?"

மாப்பிள்ளை, எனக்கு யாரோ பின்மண்டையில் தட்டியது போல இருந்தது. ஒரு கடைக்குள் நுழைந்தால் அரிசி மூட்டையையா முதலில் நிறுப்பேன்? இலாகா கொடுத்த பித்தளை எடைக்கல்லை வைத்து, தராசு உண்மை பேசுகிறதா என்று பார்த்த பிறகுதானே மற்றதெல்லாம்? முப்பத்தொரு வருடம் செய்த காரியம், என் வீட்டில் அளக்கும்போது மட்டும் மறந்துபோயிற்று. கார் பேட்டரிக்கு ஊற்ற வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை எடுத்து வந்தேன். ஒரு ஸ்ட்ரிப்பை அதில் நனைத்தோம். அதே பச்சை. அத்தை சொன்ன அதே வெளுத்துப்போன கிளிப்பச்சை. மீன் கால் வைக்காத தண்ணீரிலும் ஆபத்து என்கிறது! லேப்காரம்மா டப்பாவைத் திருப்பி, அடியில் எறும்பெழுத்தில் இருந்ததை வாசித்தார். "ஈரக் கையால் எடுக்கக் கூடாது. மூடியை இறுக்கமாக மூடி வைக்கவும்." மூடி மூன்று நாளாகத் தொட்டி மேலே தனியாகக் கிடந்தது. ஈரம் ஏறி ஸ்ட்ரிப்புகள் மொத்தமும் கெட்டுப்போயிருந்தன. எறும்பெழுத்தைப் படிக்காத கடைக்காரர்களை நான் எவ்வளவு திட்டியிருப்பேன், எல்லாம் ஒரே நாளில் எனக்கே திரும்பி வந்தது. அடுத்து சொட்டு மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். "சார், இது நல்ல தண்ணி மீனுக்கு. இந்த அட்டை ஏழு புள்ளி ஆறுலயே முடிஞ்சுபோகுது. அதுக்கு மேல எவ்வளவு இருந்தாலும் இதே நீலம்தான் காட்டும். உங்க தண்ணி எட்டு புள்ளி ரெண்டாக்கூட இருக்கலாம்." பத்துக் கிலோத் தராசில் யானையை நிற்கவைத்துவிட்டு, யானை பத்துக் கிலோ என்று அறிக்கை எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கடைக்குப் போன நான் வேறு ஆள். டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டேன். கடல்நீருக்கு என்று அச்சிட்ட சொட்டு மருந்துக் கிட்டை மட்டும் காட்டச் சொன்னேன். காலாவதித் தேதி பார்த்தேன், மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன், அட்டையைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தேன். மூன்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்து நாலாவதை எடுத்தேன். "சார் ஆய்வுக்கு வந்திருக்கீங்களா, மீனுக்கு வந்திருக்கீங்களா?" என்றார் கடைக்காரர். "ரெண்டுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, இங்கேயே என் தண்ணீரில் ஒரு தடவை போட்டுக் காட்டினால்தான் வாங்குவேன் என்றேன். மனிதர் முதன்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார். பிறகு, வாங்க என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பின்னால் மீன் தீனி வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். சொட்டை எல்லாரும் கூடவே எண்ணினார்கள். ஐந்து நிமிடம் கழித்து மஞ்சள். அட்டையில் மஞ்சளுக்கு நேரே பூஜ்யம். தீனி வாங்க வந்த ஒருவர் கைதட்டிவிட்டார். "எனக்கும் இதே ஒண்ணு குடுங்க" என்றார் இன்னொருவர்.

வீட்டுக்கு வந்ததும் லேப்காரம்மா சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடிச் சோதனைக் குழாயைத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை அலசினேன். கையை விடாமல் சிரிஞ்சால் தண்ணீர் எடுத்தேன். பாட்டிலைச் சாய்க்காமல் நேராகக் கவிழ்த்துப் பிடித்துச் சொட்டு விட்டேன். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் நானும் அத்தையும் ஜன்னலோரம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். பிறகு அவள் குழாயை வாங்கி வெள்ளை அட்டைக்கு முன்னால் பிடித்தாள். நான் வாயைத் திறந்தேன், அவளும் திறந்தாள். "எலுமிச்சை மஞ்சள்!" இருவரும் ஒரே நேரத்தில். அம்மோனியா பூஜ்யம். பி.எச். எட்டு புள்ளி இரண்டு. நைட்ரேட் பாட்டிலை அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்கிப் பார்த்ததில் ஐந்து, நீங்கள் எழுதுகிற அதே ஐந்து. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டிலைக் கவிழ்த்ததற்குத் திட்ட வேண்டிய பாக்கி இருந்ததே, அதை அன்றைக்குக்கூட எடுக்கவில்லை.

தண்ணீர் நன்றாக இருக்கிறது, சரி, மேனேஜர் ஏன் வெளியே வரவில்லை? சாயந்திரம் லேப்காரம்மா வேலையிலிருந்து வந்ததும் அதையும் கேட்டேன். அவர் நான் எழுதி வைத்ததை வாங்கிப் பார்த்தார். "ஒரு நாளைக்குப் பதினாலு தடவை கையை உள்ள விட்டிருக்கீங்க சார். எங்க லேப்ல ஒரு பேஷன்ட்டுக்குப் பதினாலு தடவை ஊசி குத்தினா, அவர் கட்டிலுக்கு அடியிலதான் இருப்பார். நீங்க பண்ணது தண்ணிக்குச் சோதனை. அதுங்களுக்கு வந்தது நிஜமான சோதனை. ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகாதீங்க." தீனி போடும் பொறுப்பு அத்தைக்கு மாற்றப்பட்டது. நான் கூடத்துக்குள் வரத் தடை. அடுத்த அறையில் உட்கார்ந்து, நேற்றைய பேப்பரையே திரும்பத் திரும்பப் படித்தேன். தண்ணீர் சலசலக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும், "வந்தாளா?" என்று கேட்பேன். "பேசாம இருங்க" என்று பதில் வரும்.

மூன்றாம் நாள் காலை அத்தை கூப்பிடவில்லை. கதவோரம் வந்து, விரலை வாயில் வைத்து, சைகை மட்டும் காட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தேன். பாறைக்கு வெளியே, நடுத்தொட்டியில், மேனேஜர் ஆரஞ்சும் வெள்ளையுமாக மினுமினுத்துக்கொண்டு சின்னவனை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். தீனி போட்டதும் அவன் பங்கையும் சேர்த்துத் தின்றாள். ஒருவர் இன்னொருவரை அதட்டுவதைப் பார்த்து எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததே இல்லை. அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் உடைமைகளின் நிலவரம் நலம். புதிய கிட் அலமாரியில், ஈரம் படாத இடத்தில், மூடி இறுக்கமாக இருக்கிறது. சமையல் உப்பு சமையலறைக்கே திரும்பிவிட்டது, வாளித் தண்ணீரைக் கொட்டியாயிற்று. ஆனால் ஒரு வேண்டுகோள். என் வயதுக்கு இந்தப் படபடப்பு ஆகாது. நீங்கள் திரும்பி வந்து புது வீட்டுக்குக் குடிபோகும் அன்றே, மூட்டை முடிச்சைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, வண்டி வைத்துத் தொட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கூடத்தில் எனக்கு நாற்காலி போட இடமில்லை.

நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் அதட்டாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று அத்தையும் நானும் வாழ்த்துகிறோம். லேப்காரம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
(எடை அளவு ஆய்வாளர், ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை, "தொட்டிய உடனே எடுத்துட்டுப் போகச் சொல்லி எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் போய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது, அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன். மேலே கண்ட வேண்டுகோளை இதன்மூலம் ரத்து செய்கிறேன். புது வீட்டில் வர்ண வாசனை போகக் குறைந்தது ஒரு வருடம் ஆகும். வண்டிக் குலுக்கலும் கடல்நீருக்கு ஆகாது. இது என் உத்தியோகபூர்வமான கருத்து. அதுவரை தொட்டி இங்கேயே இருக்கட்டும். உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் வாராவாரம் இரண்டு பேரும் வந்து நேரில் சரிபார்த்துக்கொள்ளலாம். வருகிற அன்று வீட்டில் சமைக்க வேண்டாம்.